கேரவன் குளிரில் உறையாமல் இருக்க: செட்டிநாட்டிலிருந்து மலைக்குப் புறப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி விடியலில் பாட்டிலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டால், "இன்னைக்குக் குளிர் அதிகம்" என்று சொல்கிற ஊர் நம்முடையது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். தண்ணீர் உறைகிற குளிரை நம் வீடுகளும் பார்த்ததில்லை, வண்டிகளும் பார்த்ததில்லை. இரண்டையுமே வெக்கையைத் தாங்கத்தான் கட்டுகிறோம்.

நானும் அப்பச்சியும் சேர்ந்து எங்கள் பழைய வேனைக் கேரவனாக மாற்றினோம். அதில் மூன்று குளிர்காலம் ஊட்டிக்குப் போனோம். ஒரு அக்டோபர் கடைசியில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு வரைக்கும் போய்வந்தோம். அதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வேன் கட்டுகிறவர்களும், சொந்தக்காரர்களும் போன் செய்து கேட்கிறார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊட்டிக்குத்தானே போகிறோம், இதெல்லாம் தேவையா?

ஏப்ரல், மே என்றால் தேவையில்லை. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை என்றால் கொஞ்சம் தேவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் இரவு இருபது டிகிரி என்றால் அங்கே ஐந்தாறு டிகிரிதான். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் இரவுகளில் தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரிப் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்துக்கே இறங்கிவிடும். காலையில் புல்வெளி உப்புக் கொட்டியது போல வெளுத்திருக்கும். அதைத்தான் அங்கே உறைபனி என்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் தகரக் கூரை தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கூரை இன்னும் குளிர்ந்துவிடும். தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி காட்டும்போதே வண்டி மேல் பனி பூத்திருப்பது இதனால்தான். நம் பக்கத்து வேன்களில் தண்ணீர் டேங்க் பெரும்பாலும் கூரை மேல்தான். நூறு லிட்டர் டேங்க் ஒரே இரவில் முழுதாக உறைந்துவிடாது. அதிலிருந்து இறங்கும் அரை அங்குலக் குழாய் உறையும். ஊட்டிக்கு மட்டும் போகிறவர்கள் இரவு படுக்கும் முன் அந்தக் குழாயை வடித்துவிட்டு, ஷெட்டோ கட்டடச் சுவரோ இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினால் போதும். காட்டு ஓரத்தில் நிறுத்தவே வேண்டாம். தங்கும் விடுதி வளாகத்துக்குள் கேட்டு நிறுத்துங்கள்.

காசிக்குப் போகிறோம், அங்கேயும் உறையுமா?

உறையாது. ஜனவரியில் காசிக் குளிர் நம் உடம்புக்குக் கடுமையாகத் தெரியும், குழாய்க்கு ஒன்றும் ஆகாது. அங்கே பயப்பட வேண்டியது மூடுபனிக்குத்தான். இரவிலும் அதிகாலையிலும் வண்டியை எடுக்காதீர்கள்.

தண்ணீர் உறைந்தால் குழாய் ஏன் வெடிக்கிறது?

உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பெருக்கிறது. ஐஸ் குழாயை உள்ளிருந்து தள்ளுகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குழாயின் நடுவில் ஓர் இடம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி இருக்காது. ஐஸ் வளர வளர அங்கே அழுத்தம் ஏறும். கடைசியில், உறையாத இடத்தில்கூடக் குழாய் பிளக்கும். டேப்பைத் திறந்து வைத்தாலே பாதி ஆபத்து போய்விடுகிறது.

இது எங்களுக்கு லாஹௌலில் இருக்கும் ஜிஸ்பாவில் தெரிந்தது. 3,200 மீட்டர் உயரம், பாகா ஆற்றங்கரை. இரவு பத்து மணிக்கு எல்லா டேப்பையும் நன்றாக இறுக்கி மூடிவிட்டுப் படுத்தோம். சொட்டக் கூடாது என்ற நம் வீட்டுப் பழக்கம் அது. காலையில் டேப்பில் தண்ணீர் வரவில்லை, உறைந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம். பத்தரை மணிக்கு வெயில் ஏறியதும் படுக்கைக்கு அடியில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பம்புக்கு முன்னால் இருந்த ஃபில்டர் கிண்ணம் பிளந்திருந்தது. தரைக்கு அடியில், வெளிப்புறமாகப் போன சி.பி.வி.சி. என்ற விறைப்பான பிளாஸ்டிக் பைப்பில் ஒரு முழங்கை இணைப்பு உடைந்திருந்தது. உடைந்தது இரவில். எங்களுக்குத் தெரிந்தது உருகியபோதுதான். மெத்தை இரண்டும் நனைந்து, அதைக் காயவைக்க அந்தக் குளிரில் இரண்டு நாள் ஆனது.

வேன் கட்டிக்கொடுத்த பட்டறையைக் கேட்டபோது, "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார்கள். நம் ஊருக்கு அது சரிதான், குளிருக்குச் சரியில்லை. சி.பி.வி.சி. குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப்பைப் போடச் சொல்லுங்கள், அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். எந்தப் பைப்பாக இருந்தாலும் வண்டிக்கு உள்ளே, மனிதர் இருக்கும் பக்கமாகப் போக வேண்டும். தரைக்குக் கீழே போகவே கூடாது.

அப்படியென்றால் தினமும் என்னதான் செய்ய வேண்டும்?

தண்ணீர் இல்லாத குழாய் உறையாது. குளிரூர் போகும் கேரவனுக்கு நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இது ஒன்றுதான். ஹீட்டர், சூடேற்றும் வயர் என்று செலவு செய்வதற்கு முன்னால், வடிப்பதற்கு வழி செய்யுங்கள்.

குழாய் அமைப்பிலேயே மிகத் தாழ்ந்த இடம் எது என்று பார்த்து அங்கே ஒரு டிரெயின் வால்வு வையுங்கள். மாலையில் வண்டியை நிறுத்தும்போது அந்த வால்வு இருக்கும் பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி நிறுத்துங்கள். கீசர் இருந்தால் அதை அணைத்து, ஆறியபின் வடியுங்கள். தண்ணீர் இல்லாமல் கீசர் ஓடினால் காயில் எரிந்துபோகும், அதனால் சுவிட்ச்சில் ஒரு துண்டுத் துணியாவது கட்டிவையுங்கள். டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, எல்லா டேப்பையும் திறந்து, பம்பை அரை நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பம்புக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு இருப்பதால் தண்ணீர் தானாக வடியாது, ஓட்டித்தான் துப்ப வைக்க வேண்டும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிடுங்கள். ஷவர் தலையைக் கீழே தொங்க விடுங்கள், மேலே மாட்டியிருந்தால் அதன் ஹோஸில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றுவிடும். பிறகு டேப்புகளைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை.

இரவு மைனஸ் ஐந்துக்குக் கீழே போகும் இடம் என்றால் இந்தப் பத்து நிமிடமும் வேண்டாம். ஊரை விட்டு மலை ஏறும் முன்பே எல்லாவற்றையும் வடித்து, குழாய் அமைப்பையே மறந்துவிடுங்கள். நாங்கள் இப்போது இரண்டு இருபது லிட்டர் கேனை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். குளியல் இல்லை என்றால் நான்கு பேருக்கு இரண்டு நாள் வரும். கேனை முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும், தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலையை ஆத்தா கண்டுபிடித்தார். காலைக் காபிக்கு வேண்டிய தண்ணீரை இரவே பாத்திரத்தில் ஊற்றி அடுப்பு மேல் வைத்துவிடுவார். உறைந்தாலும் அப்படியே பற்றவைத்துக்கொள்ளலாம். கேனுக்குள் உறைந்ததை வெளியே எடுக்கப் படும் பாடு இதில் இல்லை. குடிக்கும் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் படியும், நிமிர்த்தினால் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும்.

உறையாமல் இருக்கக் குழாயில் ஊற்றும் ரோஸ் நிறத் திரவம் வாங்கலாமா? ரேடியேட்டர் கூலன்ட்டையே ஊற்றலாமா?

கூலன்ட்டை ஊற்றவே கூடாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது விஷம், இனிப்பாகவும் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் இன்னும் ஆபத்து. குடிநீர்க் குழாய்க்கென்று விற்கும் ரோஸ் நிறத் திரவம் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, அது வேறு. வண்டியைக் குளிரூரில் மாதக்கணக்கில் விட்டுவைக்கிறவர்களுக்கு அது பயன்படும். நம்மைப் போல ஒரு வாரம் போய்வருகிறவர்களுக்குத் தேவையே இல்லை. சிங்க்குக்குக் கீழே வளைந்த பைப்பில் நிற்கும் தண்ணீருக்கு மட்டும் இரண்டு கை கல்லுப்பைப் போட்டு வையுங்கள், லேசான குளிருக்கு அது தாங்கும்.

கழிப்பறைக்கு என்ன செய்வது?

கடுங்குளிரில் தண்ணீர்க் கழிப்பறையை நம்பாதீர்கள். லடாக்கில் பழைய வீடுகளில் தண்ணீரே ஊற்றாமல், மண் போட்டு மூடும் கழிப்பறைதான் வழக்கம். அந்தக் குளிருக்கு அதுதான் ஒத்துவரும் என்று அவர்கள் தலைமுறைகளாகக் கண்ட வழி அது. நாங்கள் மூடி போட்ட வாளியில் மரத்தூள் போட்டுச் சமாளித்தோம். காரைக்குடி மர அறுவை மில்லில் ஒரு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டோம். கழிவு டேங்க் உள்ள வண்டி என்றால் மலை ஏறும் முன் காலி செய்துவிடுங்கள். அது உறைந்தால் வால்வு திறக்காது, நிரம்பியிருந்தால் டேங்கே பிளக்கும்.

காஸ் அடுப்பு குளிரில் ஏன் மங்குகிறது?

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியானால்தான் அடுப்பு எரியும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் ஆவியாக மறுத்துவிடும். சிலிண்டர் கனமாகவே இருக்கும், அடுப்பு மட்டும் சிணுங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் சிலிண்டரை நிறுத்தினால் மறுபடி எரியும். கொதிநீரை ஊற்றாதீர்கள், தீயை அருகில் கொண்டுபோகாதீர்கள். காற்றைவிட காஸ் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையைக் குளிர் வருகிறது என்று துணி வைத்து அடைக்கவே கூடாது.

வண்டிக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கலாமா?

கூடாது. ஒரு மணி நேரம்கூடக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூடாது.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் போனிலும் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்கிறேன். புகை வராமல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. வட மாநிலங்களில் குளிர்காலம்தோறும் இதனால் குடும்பத்தோடு இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. மூடிய வேன் ஒரு அறையைவிடச் சிறியது. காஸ் அடுப்பைக் கணப்பாக எரியவிடுவதும் இதே ஆபத்துதான்.

மலையில் இன்னொரு சிக்கல். இந்த விஷவாயுவின் முதல் அறிகுறி தலைவலி, குமட்டல், சோர்வு. உயரம் ஏறினால் வருவதும் அதே தலைவலி, குமட்டல், சோர்வு. "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். வண்டிக்குள் எதையாவது எரித்தபின் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டாமல் புறப்படாதீர்கள். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்குவதும் வேண்டாம், பின்புறம் பனியோ மண்ணோ அடைத்தால் புகை உள்ளே திரும்பும்.

கணப்பு வேண்டும் என்றால் டீசல் ஹீட்டர் வையுங்கள். அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். உயரம் ஏறினால் காற்று மெலிந்து, டீசல் அதிகமாகிக் கரி படியும். உயரத்துக்கேற்ற செட்டிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை. நல்ல கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் ஒரு இரவுக்குப் போதும். வண்டியைவிட ஆளைச் சூடாக வைத்துக்கொள்வது சுலபம்.

எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் உள்ளே கதகதப்பாக இருக்காதா?

இருக்கும், காலையில் கூரையிலிருந்து சொட்டும். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் வேர்வையிலும் ஒரு இரவில் கால் லிட்டர் அளவு தண்ணீர் வெளியேறும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். இதெல்லாம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

நம் வளவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். தடித்த சுவர், நடுவில் முற்றம், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராகக் காற்றோட்டம். சுவர் வெக்கையைத் தடுக்கும், முற்றம் சூடான காற்றை மேலே விடும். கேரவனுக்கும் இந்த இரண்டும் வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நல்ல தடுப்புப் போடுங்கள், வெயிலுக்குப் போட்ட அதே தடுப்பு குளிருக்கும் உதவும். கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சூடு அதிகம் போவது கண்ணாடி வழியாகத்தான். ஜன்னல் அளவுக்கு ஃபோம் வெட்டி, மேலே பழைய கண்டாங்கிச் சேலையைத் தைத்து அடைத்தோம். அதற்குப் பின் உள்ளே இருந்த வித்தியாசம் கையை வைத்தாலே தெரிந்தது.

டீசல் உறைந்துவிடுமா?

முதலில் சொன்ன தேங்காய் எண்ணெய் கதைதான். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிரில் அது பிரிந்து, கூழாகி, ஃபில்டரை அடைத்துவிடும். தமிழ்நாட்டில் நிரப்பிய டீசலோடு யாரும் லடாக் போய்ச் சேரப்போவதில்லை, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனால் கடைசி டேங்கைச் சண்டிகரில் நிரப்பிக்கொண்டு ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மேலே போனபின் அங்கிருக்கும் பங்க்கில் நிரப்புங்கள். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்றே, மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த இஞ்சினில் அதைச் செய்யாதீர்கள், பம்பும் இன்ஜெக்டரும் போய்விடும். புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11இல் உறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், வண்டியே அதை உருக்கிக்கொள்ளும்.

ரேடியேட்டர்?

நம் ஊரில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அப்படி ஊற்றியிருந்தால் புறப்படும் முன் முழுதாக வடித்து, கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். மைனஸ் 35 வரை தாங்கும். கூலன்ட்டை மட்டும் தனியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், கலவையைவிட அது சீக்கிரம் உறையும்.

சோலார் பேட்டரிக்கு என்ன ஆகும்?

லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். காலை வெயில் சோலார் பலகையில் பட்டதும் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், பேட்டரி இன்னும் ஐஸாக இருக்கும். குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே வெதுவெதுப்பு வரும்வரை சோலார் சுவிட்ச்சை அணைத்து வையுங்கள். ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் எந்தக் குளிரையும் தாங்கும். இறங்கிக் கிடந்தால் மைனஸ் பத்து அளவிலேயே உறைந்து பெட்டி பிளக்கும்.

ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தலாமா?

ஈரமான சாலையில் வந்து நிறுத்தினால் வேண்டாம், பிடித்தபடியே உறைந்துகொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி கேட்டது: மிச்சிகனில் ஆர்.வி.யை (அங்கே கேரவனுக்கு அதுதான் பெயர்) குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் விடுகிறோம், என்ன செய்ய?

தம்பி, நீ விடுவது ஐந்து மாதம், அங்கே வடித்தால் மட்டும் போதாது. டேங்குகள், கீசர் எல்லாம் காலி செய்து, கம்ப்ரெசரால் குழாயை ஊது. காற்றழுத்தம் முப்பது பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ.) மேல் வேண்டாம், அதிகம் போனால் இணைப்புகள் கழன்றுவிடலாம். கீசரை பைபாஸ் செய்துவிட்டு, ஒவ்வொரு டேப்பிலும் ரோஸ் நிறம் வரும்வரை அந்தத் திரவத்தைப் பம்பால் ஏற்று. வெந்நீர் டேப், ஷவர், கழிப்பறை மூன்றையும் மறக்காதே. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வை.

ஐயாவையும் அப்பத்தாவையும் அழைத்துப் போகலாமா?

ஊட்டிக்குத் தாராளமாக. லாஹௌல், லடாக் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபின் மணாலியிலிருந்து சீக்கிரமே மேலே போய்விட முடிகிறது, அதுவே உடம்புக்குச் சிரமம். மணாலியில் இரண்டு இரவு தங்கி, அப்புறம் ஏறுங்கள். இரவில் கழிப்பறைக்குப் பெரியவர்கள் வெளியே இறங்க வேண்டியிராமல் உள்ளேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். படியில் உறைந்திருக்கும் ஒரு கை தண்ணீர் போதும், இடுப்பு எலும்பு முறிய.

திரும்பி வந்தபின் எதையாவது சரிபார்க்க வேண்டுமா?

குழாயில் விழுந்த மயிரிழைப் பிளவு ஊருக்கு வந்தபின்தான் தெரியும். டேங்கை நிரப்பி, எல்லா டேப்பையும் மூடி, பம்பை ஓட விடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது தானாக நிற்கும். இரவு, தெரு அடங்கியபின், வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். யாரும் டேப்பைத் திறக்காமலே பம்ப் ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ கசிகிறது. எங்கள் வண்டியில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சத்தம் வந்தது. ஷவர் கலவை டேப்பின் பின்னால், கண்ணுக்கே படாத இடத்தில் ஒரு விரிசல் இருந்தது.